இருளர் பாம்பறிவு

இருளர் பாம்பறிவு என்பது, தமிழ்நாட்டின் வடபகுதிச் சமவெளிகளில், குறிப்பாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் வாழும் இருளர் பழங்குடியினர், பாம்புகளின் வளை, தடம், பருவம், நடத்தை ஆகியன பற்றித் தலைமுறைகளாக வாய்மொழியாலும் செய்முறையாலும் காத்துவரும் அறிவுத்தொகுதியாகும். பாம்புக்கடிக்கு உரிய நச்சுமுறி மருந்தின் உற்பத்தியும் நஞ்சு பற்றிய ஆராய்ச்சியும் இந்தியாவில் இவ்வறிவைப் பெரிதும் சார்ந்து நடந்துவருகின்றன. இவ்வறிவு ஆய்வுலகுக்குள் வந்த வரலாறு, சென்னையின் கிண்டியோடும் கிழக்குக் கடற்கரைச் சாலையோடும் நெருங்கிய தொடர்புடையது.

அறிவின் இயல்பு

வயல் வரப்பில் ஒரு வளையைக் காணும் இருளர், வாயிலில் உள்ள மண் புதியதா, உடல் உராய்ந்து வழவழப்பாகி இருக்கிறதா, சிலந்திவலை குறுக்கே படர்ந்திருக்கிறதா என்பவற்றைக் கொண்டு உள்ளே பாம்பு உண்டா இல்லையா என்று கணிக்கின்றனர். உதிர்ந்த சட்டையின் சிறு துண்டையோ எச்சத்தையோ கொண்டே இன்ன பாம்பு என்று கூறவல்லவர்கள் இவர்களுள் உண்டு. கருவி பெரும்பாலும் ஒரு கடப்பாறை மட்டுமே. மண்ணை எவ்வளவு தோண்டுவது, எங்கே நிறுத்திக் கையால் விலக்குவது என்பதில்தான் தேர்ச்சி புலப்படும். பாம்புகள் எலிவளைகளில் தங்குவதாலும், எலியும் அது வளையில் சேர்த்துவைத்த நெல்லும் இருளரின் உணவாக இருந்ததாலும், பாம்பு பற்றிய இவ்வறிவை எலி பற்றிய அறிவின் ஒரு கிளை என்றே கொள்ளலாம். ஆண்களும் பெண்களும் இத்தொழிலில் ஈடுபடுகின்றனர். சிறுவர்கள் பெற்றோரோடு காட்டுக்கும் வயலுக்கும் சென்று பார்த்தே கற்கின்றனர்.

தொடக்ககாலப் பதிவுகள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பாட்ரிக் ரசல், சோழமண்டலக் கடற்கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய நூலை 1796இல் வெளியிட்டார். பல பாம்புகளை உள்ளூர்ப் பெயர்களாலேயே குறித்த அவர், கடிக்கு மருந்தாக வழங்கிய, பாடாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் ஆராய்ந்தார். எட்வர்ட் நிக்கல்சன் இந்தியப் பாம்புகள் பற்றி எழுதிய நூல் 1870இல் சென்னையில் வெளிவந்தது. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெத் நச்சுமுறி மருந்தை உருவாக்கினார். கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிறுவனத்திலும் பிற்காலத்தில் இம்மருந்து தயாரிக்கப்பட்டது.

தோல் வணிகம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருளர் பலரின் வாழ்வு, பாம்புத்தோலை வணிகர்களுக்கு விற்பதைச் சார்ந்திருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் இவ்வணிகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. பாம்புகள் காக்கப்பட்ட அதே வேளையில், அவற்றை நன்கு அறிந்த மக்கள் பிழைப்பிழந்தனர்.

பாம்புப் பண்ணையும் கூட்டுறவுச் சங்கமும்

ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் சேலையூரில் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972இல் கிண்டியில் சிறுவர் பூங்காவை அடுத்த இடத்துக்கு மாறியது. இருளரிடம் பாம்பு பிடிப்பதைக் கற்ற அவர், தோலுக்காகக் கொல்லாமல் நஞ்சுக்காகப் பிடித்து விடுவிக்கும் முறையை அவர்களோடு சேர்ந்து உருவாக்க முயன்றார். அதன் விளைவாக இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978இல் பதிவுபெற்றது. நஞ்செடுக்கும் பணி 1980களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் சங்கம் இயங்கிவருகிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளை மட்டுமே, வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள், உறுப்பினர்கள் பிடித்துத் தருகின்றனர். பாம்புகள் மணல் பரப்பிய மண்பானைகளில், பானையின் வாயைப் பருத்தித் துணியால் கட்டி வைக்கப்படுகின்றன. இருட்டும் குளிர்ச்சியும் உள்ள இவ்வேற்பாடு, வளையை ஒத்த சூழலைப் பாம்புக்கு அளிக்கிறது. கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய மெல்லிய சவ்வைக் கடிக்கச் செய்து, ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறையாகச் சில முறை நஞ்செடுத்த பின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிப் பாம்பைக் காட்டில் விடுகின்றனர். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் அகப்பட்டால் அதைப் பார்த்தவுடனே அறிந்துகொள்ள முடிகிறது. கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் ஒருமுறை தரும் நஞ்சு மிகச் சிறிது என்பதால், சிறிதளவு நஞ்சுத்தூளுக்கும் பல பாம்புகள் தேவைப்படுகின்றன. உலர்த்தித் தூளாக்கிய நஞ்சை மருந்து நிறுவனங்கள் வாங்கி, சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக் குதிரைகளுக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகின்றன.

கருத்து வேறுபாடுகள்

நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு இச்சங்கத்திலிருந்து வருவதாகக் கூறப்படுவதுண்டு. ஆண்டுக்கு ஆண்டு அனுமதியும் உற்பத்தியும் மாறுவதால் இதை ஒரு பொது மதிப்பீடாகவே கொள்ளல் தகும். ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதால், ஒரு பகுதியின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து பிற பகுதிகளில் போதிய பயன் தராதிருக்கலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் சுட்டியுள்ளனர். சங்கத்தைப் போன்ற அமைப்புகள் பிற மாநிலங்களிலும் வேண்டும் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்வோரும், நஞ்சைச் சாராத புதிய மருந்துகளே தீர்வு என்போரும் உளர். இருளரிடையே கடிக்கு மூலிகை மருத்துவமும் வழங்குகிறது. எனினும் மருத்துவ நெறிமுறைகள் நச்சுமுறி மருந்தையே நஞ்சேறியவருக்கு உரிய சிகிச்சையாக ஏற்கின்றன. பாம்பைக் கண்டறியும் அறிவு களத்தில் நாள்தோறும் சோதிக்கப்படுவது. மூலிகையறிவுக்கு அத்தகைய சோதனை இன்னும் தேவை.

அண்மைக்காலம்

2017இல் இருளரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அயலினமாகப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்தது; இந்தியா 2024இல் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது.

உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002, உயிர்வளத்தையும் அது பற்றிய அறிவையும் பயன்படுத்துவோர் ஆதாயத்தைப் பகிர வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டது. அதைச் செயற்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னைத் தரமணியில் உள்ளது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கு இப்பகிர்விலிருந்து விலக்களித்தது. இருளரின் பாம்பறிவோ பெரும்பாலும் நூல்களில் தொகுக்கப்படாதது. ஆகவே நஞ்சுக்குக் கிடைக்கும் விலையோடு நில்லாமல், அந்நஞ்சை ஆய்வகத்துக்கு எட்டச்செய்த அறிவுக்கும் உரிய பங்கை அவர்கள் பெறுவதற்கான நியாயம் வலுவானது.