பொன்னர் சங்கர் (புதினம்)

பொன்னர் சங்கர், மு. கருணாநிதி எழுதிய வரலாற்றுப் புனைவு நாவல். நாமக்கல் உள்ளிட்ட கொங்கு நாட்டிலும் கரூர், திருச்சி வட்டாரங்களிலும் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் சுவாமி கதையின் மறுஆக்கம்.

கதைச் சுருக்கம்: குன்னுடையாக் கவுண்டர், தாமரை நாச்சியார் தம்பதியின் இரட்டைப் பிள்ளைகள் பொன்னரும் சங்கரும். பொன்னர் பொறுமைசாலி, சங்கர் முன்கோபி. தங்கை அருக்காணி நல்லதங்காள். தலையூர்த் தலைவன் காளியோடும் வேட்டுவக் குடியினரோடும் மூண்ட பகையில், வயலை அழிக்க வந்த கொம்பன் என்னும் பன்றியைச் சகோதரர்கள் கொல்கின்றனர். பின்னர் உயிர் துறக்கின்றனர். நல்லதங்காள் அவர்களை எழுப்புகிறாள்.

மணப்பாறை அருகே வீரப்பூர்த் திருவிழாவில் சகோதரர்கள் இறந்து எழும் இக்காட்சி படுகளம் என்னும் சடங்காக நடக்கிறது. அருள் வந்தவர்கள் செத்தவர்போல் சாய்ந்து கிடப்பார்கள். தீர்த்தம் தெளித்ததும் எழுவார்கள்.

வாய்மொழி வடிவங்கள்: கவிஞர் சக்திக்கனல் இக்கதையைப் பதிப்பித்தார். கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் கொங்குநாட்டில் ஒலிப்பதிவு செய்து, 1982இல் ஆய்வு நூல் வெளியிட்டார்.

திரைப்படம்: இந்நாவல் 2011இல் தியாகராஜன் இயக்கத்தில், கருணாநிதியின் திரைக்கதையில் படமாக வெளியானது. பிரசாந்த் இரட்டை வேடமேற்றார்.

ஒப்பீடு: கருணாநிதி நாட்டார் கதையை நாவலாக்கியதுபோல, கெல்டிக் மரபைச் சேர்ந்த வேல்சு நாட்டுக் கதைகளை எவாஞ்சலின் வால்டன் 1936 முதல் நாவல்களாக்கினார். அம்மரபிலும் ஒரு மாயப் பன்றி வேட்டை உண்டு. அதன் காதுகளுக்கிடையே சீப்பும் கத்தரியும் இருக்கும். ஆனால் அண்ணன்மார் எனப்படும் பொன்னரும் சங்கரும் கதைமாந்தர் மட்டுமல்லர்; இன்றும் கோயிலில் குடியிருக்கும் தெய்வங்கள்.