வாதாபி: அரக்கனா, ஊரா?

குழந்தைக்குச் சோறூட்டிய பின், அதன் வயிற்றை மெல்லத் தடவி, வாதாபியின் பெயரைச் சொல்லி, உண்டது செரிக்கட்டும் என்று வாழ்த்தும் வழக்கம் நம் நாட்டு இல்லங்களில் உண்டு. யார் அந்த வாதாபி?

அரக்கன் என்பர் புராணிகர். அண்ணன் வில்வலன்; தம்பி வாதாபி. தம்பியை ஆடாக்கி, அறுத்துச் சமைத்து, வந்த அந்தணர்க்கு விருந்தாக்குவான் அண்ணன். உண்டு முடித்ததும் பெயர் சொல்லி அழைப்பான். உண்டவர் வயிற்றைக் கிழித்து வெளிவருவான் தம்பி! அகத்தியரோ உண்டார், செரித்தார், அரக்கன் ஒழிந்தான். பாரதமும் இராமாயணமும் கூறும் கதை இது.

கதையைக் கதையாகக் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கதை அரசவை ஏறி, வரலாற்றின் ஏட்டிலே இடம் பிடித்திருக்கிறதே, அதை ஆராயாமல் விடலாமா?

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூரைக் கடந்து சென்றால் மணிமங்கலம். ஏரியும் பழங்கோயில்களும் உடைய ஊர். ஏழாம் நூற்றாண்டில் அது போர்க்களம். சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை, முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களிலே முறியடித்தான். 642-ஆம் ஆண்டையொட்டிப் பல்லவப் படை சாளுக்கியத் தலைநகரையே கைப்பற்றியது. அந்தத் தலைநகரின் பெயர்? வாதாபி! இன்றைய கருநாடகத்துப் பாதாமி.

அவைப் புலவர்க்கு வேறென்ன வேண்டும்? பேரன் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, அகத்தியர் அரக்கனை அழித்தது போல நரசிம்மவர்மன் வாதாபியை அழித்தான் என்று வடமொழியிலே புகழ்கிறது. பின்னர் எழுந்த உதயேந்திரம் செப்பேடும் அவனை அகத்தியர்க்கு ஒப்பிடுகிறது. ஒரே உவமையால் ஊர் அரக்கனாயிற்று, படையெடுத்தவன் முனிவனானான்!

அதே கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பவர்க்கென ஒரு பங்கும் ஒதுக்குகிறது. கதை தானாகவா வாழ்ந்தது? மன்னன் தந்த நிலத்தின் விளைச்சலைத் தின்றல்லவா வளர்ந்தது!

அரக்கன் எனப்பட்ட அந்த ஊரில் வாழ்ந்தவர் யார்? உழுதவர், நெய்தவர், மலையைக் குடைந்து சிற்பம் செதுக்கியவர்! புலிகேசியின் நாட்டைக் கண்ட சீனப் பயணி யுவான் சுவாங், அவன் செய்த நன்மைகள் நெடுந்தொலைவும் உணரப்பட்டன என்றே எழுதினார். அவனைப் புகழ்ந்து ரவிகீர்த்தி பாடிய 634-ஆம் ஆண்டு அய்கொளெக் கல்வெட்டோ, பல்லவ வேந்தன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்று ஏளனம் செய்கிறது. இரு தரப்பிலும் புலவர்கள் இருந்தனர். மணிமங்கலத்தில் மடிந்த படைவீரன் பெயரை மட்டும் எவரும் எழுதவில்லை!

எட்டாம் நூற்றாண்டில் புலிகேசியின் வழித்தோன்றல் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். வாதாபிக்குப் பழிவாங்க நகரைக் கொளுத்தினானா? இல்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே திருப்பித் தந்தான். அந்தக் கோயிலிலேயே கன்னடக் கல்வெட்டு அதற்குச் சான்றாக நிற்கிறது. அரக்கன் செய்யும் செயலா இது?

பகைவனை மனிதன் என்றால், அவனைக் கொன்றதற்குக் காரணம் கூற வேண்டும். அரக்கன் என்று சொல்லிவிட்டால் கேட்பாரில்லை. ஆகவே, எவரையேனும் அரக்கன் என்று எவரேனும் சொல்லும்போது, நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்றுதான்: அவனுடைய ஊர் எது?