கையொப்பமும் கைவேலையும்

ஆரணியில் நெய்யப்படும் பட்டுச் சேலையில் நெய்தவரின் பெயர் இராது. சென்னையில் தீட்டப்படும் ஓவியத்தின் மூலையில் தீட்டியவரின் கையொப்பம் தவறாது இருக்கும். இரண்டுமே கோட்டையும் வண்ணத்தையும் ஒழுங்கையும் நம்பிப் பிறப்பவை. இரண்டுக்கும் நெடுநாள் பயிற்சி வேண்டும். ஆயினும் ஒன்று சரக்கு என்றும், மற்றொன்று படைப்பு என்றும் வழங்கப்படுகின்றன. இப்பிரிவினை நம்மிடையே எவ்வாறு வேரூன்றியது? வேங்கிக்காலில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துக் கேள்வியன்று. 1989இல் உருவான திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில்தான் இருக்கிறது; ஆரணியின் தறிகளும் புரிசையின் தெருக்கூத்தும் அம்மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே உள்ளன.

பழந்தமிழ் இப்பிரிவினையை அறிந்ததாகத் தெரியவில்லை. மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ எனக் குறிக்கிறது. காண்பவர் கண்ணுக்குள் தம் வேலையைப் பதிய வைப்பவர் என்பது கருத்து. ஓவியரும் வினைஞரே; அதாவது தொழில் செய்பவரே. தூய தாமஸ் அக்குவினாசும் இதற்கு வெகு தொலைவில் நிற்கவில்லை. செய்யத்தக்க பொருள்களைச் செவ்வனே செய்யும் அறிவே கலை என்பது அவர் வகுத்த இலக்கணம். இவ்விலக்கணப்படி, நல்ல கப்பல் கட்டுபவனும் கலைஞனே. 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் பல்லாண்டு பணியாற்றி, 1947இல் மறைந்த ஆனந்த குமாரசுவாமி, அக்குவினாசையும் இந்தியச் சிற்ப நூல்களையும் அருகருகே வைத்துப் படித்து, இரண்டும் ஒரே குரலில் பேசுகின்றன எனக் காட்டினார். குருமடத்தில் அக்குவினாசை இலத்தீன் வாய்பாடாக மனனம் செய்த நம் தலைமுறைக் குருக்களுக்கு, அவர் தச்சரைப் பற்றியும் பேசியிருக்கிறார் என்பதை ஒரு தமிழர் மகன் சொல்ல வேண்டியிருந்தது!

இதைக்கொண்டு நம் முன்னோர் கைவினைஞரைப் போற்றி வாழ்ந்தனர் எனப் பெருமை பேசிவிடலாகாது. சாதி அவர்களைத் தொழிலோடு பிணைத்தது. கோபுரம் எழுப்பிய மன்னரின் பெயர் கல்வெட்டில் நின்றது. கல் செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை. பழைய அநீதியின் மேல் புதியதொரு தத்துவம் வந்து அமர்ந்தது என்பதே சரி.

அது வந்த ஆண்டு ஏறக்குறைய நமக்குத் தெரியும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தம் சொந்த முயற்சியால் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே ஒரு தொழிற்பள்ளியையும் அதனருகே தொடங்கினார். கலைக்கு ஓர் அறை, தொழிலுக்கு வேறோர் அறை! 1852இல் அரசு அவற்றை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் இதுவே. 1884இல் பொறுப்பேற்ற ஹேவல் தென்னாட்டுக் கைத்தொழில்களை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அப்பள்ளியிலேயே அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைப் புகுத்தினார். நம் வீட்டு அடுக்களைகளில் வெண்கலத்தையும் பித்தளையையும் பின்னுக்குத் தள்ளிய பாத்திரத்தின் வரலாறு ஒரு கலைப் பள்ளியில் தொடங்குகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1958இல், இந்திய அரசின் அழைப்பின்பேரில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர், தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததெனத் தம் அறிக்கையில் புகழ்ந்தது நம் சொம்பைத்தான். அதை வடிவமைத்தவர் எவர் என்று சொல்ல இயலாது. தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் திருத்திய வடிவம் அது. அந்த அறிக்கையின் வழியாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது.

சென்னைப் பள்ளிக்குத் திரும்புவோம். அதன் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவருடையது. 1957இல் அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். ஐரோப்பிய ஓவியத்தை நன்கு கற்றிருந்த பணிக்கரை ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது: நாம் தீட்டுவது பாரிஸ் நகரின் எதிரொலிதானா? அதற்கு அவர் கண்ட விடை 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை. ஜாதகக் கட்டங்கள், கணக்குப் புத்தகத்துச் சூத்திரங்கள், படிக்க முடியாத எழுத்துகள் ஆகியன அவற்றில் நிரம்பியுள்ளன. படித்துப் பொருள் காண வந்தவர் ஏமாந்தனர். எழுத்தின் உருவத்தையே பார்க்கத் தெரிந்தவர் மகிழ்ந்தனர். அதே பள்ளியில் பயின்ற ஜானகிராம், கோயில் மூர்த்திகளுக்குக் கவசம் அடிக்கும் தகட்டு வேலையை எடுத்துக்கொண்டு நவீன சிற்பம் செய்தார்.

1966இல் பணிக்கரும் அவர்தம் மாணவரும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தனர். அரசோ செல்வரோ கொடுத்த மானியத்தால் எழுந்ததன்று அது. நிலத்துக்கான பணம் ‘பாத்திக்’ என்னும் மெழுகுச் சாயத் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் விற்றுச் சேர்ந்தது. பகலில் ஒரு வேளை கைத்தொழில் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டால், எஞ்சிய வேளையில் எவருக்கும் தலைவணங்காமல் ஓவியம் தீட்டலாம் என்பதே அவர்கள் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நாம் வியக்கிறோம். ஆனால், வரலாற்று நூல்கள் விரித்துப் பேசுவன ஓவியங்களையே. அந்த நிலத்தை வாங்கித் தந்த துணிகள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. ஹண்டரின் இரண்டு அறைகளும் ஒன்றாகவில்லை. நடுச்சுவரில் ஒரு கதவு திறந்தது, அவ்வளவே.

இதே காலத்தில் மேலைநாட்டிலும் அச்சுவரை ஒருவர் தட்டிப் பார்த்தார். 1964 ஏப்ரலில் நியூயார்க் நகரக் கலைக்கூடம் ஒன்றில் ஆண்டி வாரோல், பாத்திரம் துலக்கும் ‘பிரில்லோ’ பஞ்சு அடைத்துவரும் பெட்டிகளைப் போன்றே மரத்தில் செய்து அடுக்கி வைத்தார். கடையிலுள்ள பெட்டி சரக்கு; அதைப்போன்றே இருக்கும் இப்பெட்டி கலை. வேறுபாடு எங்கே? ஆர்தர் டாண்டோ என்னும் மெய்யியலார் அவ்வாண்டே விடை எழுதினார். வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதன்று. ஒரு பொருளைக் கலையாக்குவது அதைச் சூழ்ந்து நிற்கும் கோட்பாடும் கலை வரலாறும் என்றார். இன்றைய அழகியல் வாதங்கள் பலவும் இங்கிருந்தே கிளைத்தவை. கூர்மையான விடைதான். ஆயினும் நம் மனம் நிற்பது வேறோரிடத்தில். கடையிலிருந்த அந்த அட்டைப்பெட்டிக்கு வடிவம் தந்தவர் ஜேம்ஸ் ஹார்வி என்பவர். அவரும் ஓவியரே, பிழைப்புக்காகப் பெட்டிகளை வடிவமைத்தவர். அவர் பெட்டியைப் போன்று செய்தவர் உலகப்புகழ் பெற்றார். ஹார்வி அடுத்த ஆண்டே மறைந்தார். ஆரணி நெசவாளிக்கு நியூயார்க்கில் ஓர் உடன்பிறப்பு இருந்திருக்கிறார்!

தமிழகத்தில் இந்நிலையைத் தம் வாழ்வாலேயே ஓரளவு மாற்றியவர் ஆதிமூலம். பணிக்கர் காலத்து மாணவரான அவர் நெசவாளர் சேவை மையத்தில் பல்லாண்டு பணியாற்றினார். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் அவர் வரைந்த கோட்டோவியங்கள் புகழ்பெற்றவை. அவற்றைக் காட்டிலும் பரவலாக நம் வீடுகளுக்குள் வந்தவை அவர் எழுதிய எழுத்துகள். சிறு பத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் எழுதித் தந்த தமிழ் எழுத்து வடிவங்கள் அச்சுத் தமிழுக்கே ஒரு புதிய முகம் கொடுத்தன. 2008இல் அவர் மறைந்தார். சேலைக்கு உழைத்த கையும் ஓவியத்தில் ஒப்பமிட்ட கையும் ஒன்றாகவே இருந்தன.

திருச்சபையும் இவ்வரலாற்றுக்கு வெளியே இல்லை. பணிக்கர் தம் புதிய வரிசையைத் தொடங்கிய அதே 1963இன் டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. திருச்சபை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கேயுரியதெனக் கொள்ளவில்லை என்றும், எல்லா இனத்தார், நாட்டாரின் இக்காலக் கலைக்கும் இடமுண்டு என்றும் அதன் 123ஆம் எண் கூறுகிறது. கிறிஸ்தவரல்லாத சிற்பி தனபால் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவைச் செதுக்கினார். நாமோ பங்குதோறும் ஒரே அச்சில் வார்த்த சுரூபங்களை விலைப்பட்டியல் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தோம். அச்சில் வார்த்த மாதா சுரூபத்தின்முன் அழுது செபித்த தாய்மாரின் பக்தியை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பக்தி உண்மையானது. நாம் கேட்பது வேறு. கோவிலில் சுழலும் மின்விசிறியின் இறக்கையில் ‘உபயம்’ என்று கொடையாளரின் பெயர் உண்டு. குழல்விளக்கிலும் உண்டு, வெளிச்சம் பாதி குறைந்தாலும். பீடத்தை இழைத்த தச்சர் பெயர் எங்கே? நம் பங்குப் பேரவையில் இக்கேள்வியை எழுப்பியபோது, ‘அவருக்குத்தான் கூலி கொடுத்துவிட்டோமே, சாமி’ என்றார் ஒரு பெரியவர். விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆரணிப் பட்டுக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. ஊரின் பெயர் சட்டத்தில் பதிந்தது. நெசவாளியின் பெயர் இன்னும் முந்தானைக்கு வரவில்லை.

செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் நிலை சற்று வேறு. கண்ணப்பத் தம்பிரானின் குழு பாரதக் கதைகளை ஆடிய அதே அடவுகளில் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்கெசின் சிறுகதையையும் ஆடியிருக்கிறது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நவீன நாடகத்தின் இலக்கணத்தை இவர்களிடம்தான் தேடி வந்தது. கூத்தரின் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கையின் இலேசான மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடிச் சில்லும் மினுக்குத்தாளும் ஒட்டப்பட்டவை. அவற்றைக் கட்டிக்கொண்டு ஆடும் கூத்துக்குத் தச்சும் வேண்டும், தையலும் வேண்டும், வண்ணமும் பாட்டும் வேண்டும். இதில் எது கலை, எது கைவேலை என்று அங்கே எவரும் பிரித்துக் கேட்பதில்லை. விடியும்வரை ஆடுவதற்கு வேண்டியவை அத்தனையும் ஒரே பெட்டியில் அடுக்கப்பட்டு அடுத்த ஊருக்குப் போகின்றன.