ஐதர் அலியின் எதிர்த்தாக்குதல் (1768)

மைசூரை ஆண்ட ஐதர் அலி 1768 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடத்திய எதிர்த்தாக்குதல், முதலாம் ஆங்கிலேய-மைசூர்ப் போரின் (1767-69) போக்கைத் தலைகீழாக்கியது.

போரின் தொடக்கத்தில் நடந்த பெரிய சண்டைகளில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஐதராபாத் நிஜாமோடு சேர்ந்து 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் தலைமையிலான ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையை வழிமறித்தார். ஸ்மித் அத்தாக்குதலை முறியடித்தாலும், உணவுத் தட்டுப்பாட்டால் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். மாத இறுதியில் திருவண்ணாமலை அருகே நடந்த சண்டையில் கூட்டுப்படை தோற்றது. 1768 பிப்ரவரியில் நிஜாம் தனியே சமாதானம் செய்துகொண்டார். அதன்பின் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி), கோவை, ஓசூர், கோலார் எனக் கும்பினியின் கை ஓங்கியது.

பிடித்த ஊர்களைக் காப்பதில்தான் கும்பினி சறுக்கியது. கோட்டைதோறும் சிறு காவல்படைகளாகத் தன் பலத்தைச் சிதறவிட்டது. போதாக்குறைக்கு, சென்னைக் கவுன்சில் அனுப்பிய பிரதிநிதிகள் போர்முனையிலேயே உட்கார்ந்து தளபதியின் வேலையில் தலையிட்டனர். நவம்பரில் ஸ்மித் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அடுத்து வந்த கர்னல் வுட், முற்றுகையிலிருந்த ஓசூரை மீட்கப் போகும் வழியில் பாகலூரில் விட்டுவைத்த தளவாடங்களை ஐதர் அள்ளிக்கொண்டார்.

ஸ்மித்தின் காலாட்படையை வெட்டவெளியில் வெல்வது கடினம் என்பதை ஐதருக்குத் திருவண்ணாமலை உணர்த்தியிருக்க வேண்டும். இம்முறை அவர் தாக்கியது சிதறிக்கிடந்த காவல்படைகளை. தளபதி ஃபசலுல்லா கான் கோவைப் பக்கம் இறங்கினார். டிசம்பர் தொடக்கத்தில் ஐதரே பாராமகாலுக்குள் நுழைந்தார். தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர் ஆகியவை அடுத்தடுத்து வீழ்ந்தன. ஈரோட்டுப் பக்கம் கேப்டன் நிக்சனின் சிறு படை ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. பின்னர் ஈரோட்டுக் கோட்டையும் சரணடைந்தது. ஓராண்டாகக் கும்பினி சேர்த்த இடங்களில் பெரும்பகுதி சில வாரங்களில் கைமாறியது. இதில் வீரத்தைவிட வேகத்துக்கே பங்கு அதிகம்: மெதுவாக நகரும் காலாட்படையால் குதிரைப்படையைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

1769 மார்ச்சில் ஐதர் சுமார் 6,000 குதிரை வீரர்களுடன் ஏறத்தாழ 200 கிலோமீட்டரை மூன்றரை நாளில் கடந்து சென்னையின் வாசலுக்கே வந்து நின்றார். ஏப்ரலில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தானது. கைப்பற்றிய இடங்களைத் திருப்பித் தருவதும், பிறர் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவதும் அதன் முக்கிய நிபந்தனைகள். பின்னர் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது கும்பினி உதவிக்கு வரவில்லை. 1780 ஜூலையில் ஐதர் மீண்டும் கர்நாடகச் சமவெளிக்குள் படையுடன் இறங்கினார். இரண்டாம் ஆங்கிலேய-மைசூர்ப் போர் தொடங்கியது.