யப்பானிய வாளும் வெட்டுச் சோதனையும்

வாள் என்றதும் அதன் ஒளியையும் கூர்மையையுமே நாம் நினைக்கின்றோம். ஆயின் வாளை ஏந்துவோனுக்கு முதற்கண் வேண்டியது அது முறியாதிருத்தலே. கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம், முறிந்த வாளுக்கு மருந்தில்லை. இதனை நன்குணர்ந்து, வெட்டிப் பார்த்தே வாளின் தரங்கண்டவர் யப்பானியர். 'தமேஷிகிரி' எனப்படும் அவ்வெட்டுச் சோதனை இன்று அங்கு ஒரு பயிற்சிக் கலையாக நிலவுகின்றது. மேனாடுகளிலும் அதனைப் பயில்வோர் பலருளர். அவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: எவ்வாள் நின்று உழைக்கும்? இக்கேள்விக்கு யப்பானியர் வரலாறு தரும் விடையை ஈண்டு நோக்குவோம்.

யப்பானியக் கொல்லர் இரும்பு மணலைக் கரியுடன் களிமண் உலையிலிட்டு உருக்கி, 'தமஹகனே' என்னும் எஃகைப் பெற்றனர். அதனைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடித்து அழுக்கு நீக்கினர். பெரும்பாலும் உள்ளே மெல்லிரும்பும் வெளியே வல்லெஃகுமாக அமைத்தனர். பின்னர் வாளுடல் முழுவதற்கும் களிமண் பூசுவர்; வாய்ப்புறத்தில் மெல்லிதாகவும் முதுகுப்புறத்தில் தடிப்பாகவும் பூசுவர். செந்தழலாகக் காய்ந்த வாளை நீரில் தோய்க்கும்போது வாய் விரைந்து குளிர்ந்து கண்ணாடி போல் வன்மையுறும். முதுகு மெல்லக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கும். இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் வெண்மேகம் போன்ற ஒரு கோடு தோன்றும். 'ஹமொன்' எனப்படும் அக்கோட்டின் அழகே பின்னர் பல வாள்களுக்குக் கேடாயிற்று. வன்மையான பகுதி அகன்று முதுகை நெருங்கினால், வாயில் விழுந்த சிறு வெடிப்பும் தடையின்றி உள்ளோடி வாளை இரண்டாக்கிவிடும்.

1615இல் ஒசாக்காக் கோட்டை வீழ்ந்தபின், யப்பானில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பெரும்போர் அருகிற்று. சாமுராய்கள் இடையில் வாள் தரித்தே உலவினர்; ஆனால் அதனை உருவ வேண்டிய தேவை குறைந்தது. போர்க்களம் செய்துவந்த சோதனையை இனி யார் செய்வது? எடோ நகரில் அதற்கென ஒரு குடும்பமே தோன்றிற்று. யமதா அசயேமொன் என்னும் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தரித்த அக்குடும்பத்தார் ஷோகனுடைய வாள்களைச் சோதித்தனர், கொலைத்தண்டனையையும் நிறைவேற்றினர். சோதனைக்குப் பயன்பட்டவை தலை வெட்டுண்ட குற்றவாளிகளின் உடல்கள். மணல்மேட்டின் மீது கிடத்தி, சில வேளைகளில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வெட்டுவர். இரண்டுடல் வெட்டியது, மூன்றுடல் வெட்டியது என்று பிடியினுள் மறைந்திருக்கும் வாளின் அடிப்பகுதியிற் பொன்னெழுத்தாற் பொறிப்பதுமுண்டு. அப்பொன்னெழுத்தால் வாளின் விலை ஏறிற்று. இதனைப் படிக்கையில் எமது மனம் கூசுகின்றது. எனினும் வரலாறு எழுதப் புகுந்தோர் விரும்பாதவற்றை விட்டுச் செல்லலாகாது.

இச்சோதனைகளின் பயனாக 1797இல் 'கைஹோ கென்ஜக்கு' என்னும் நூல் வெளிவந்தது. கொல்லர்களை அவர்தம் வாள்கள் வெட்டிய திறங்கொண்டு நான்கு தரமாக வகுத்தது அந்நூல். தலைசிறந்த தரத்தில் வைக்கப்பட்டோருள் நகசொனே கொதெத்ஸு ஒருவர். இவர் முதலில் கவசம் செய்யுந் தொழிலில் இருந்து, பிறகு வாள் செய்ய வந்தவர். தலைக்கவசத்தின் வலிமையறிந்தவனுக்கு வாளின் வலிமை எங்கே இருக்க வேண்டுமென்பது தெரிந்திருக்கும் போலும்! யப்பானியர் அனைவரும் போற்றும் மசமுனேயின் பெயரோ அத்தரத்திற் காணப்படவில்லை. அவர் செய்த வாள்கள் பிரபுக்களின் பேழைகளில் உறங்கும் செல்வங்கள். அவற்றைச் சோதனைக்கு யார் கொடுப்பர்?

அக்காலத்தே எடோவில் வாழ்ந்த சூய்ஷின்ஷி மசஹிதே (1750 - 1825) என்னும் கொல்லர், அலையலையாய்ப் புரளும் ஹமொன் அமைத்துப் பெயர் பெற்றவர். அவ்வழகிய வாள்கள் எளிதில் முறிவதை அறிந்தபின் அவர் தம் வழியை மாற்றினார்; பண்டைக் கொல்லரின் முறைக்கு மீள வேண்டுமென்று நூலெழுதி, நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கருக்குப் போதித்தார். ஆனாற் போதனை வேறு, செய்கை வேறு. அவருடைய தலைமாணாக்கர் தைக்கெய் நவோதனேயின் கதையே அதற்குச் சான்று.

நடு யப்பானின் மலைநாட்டிலே மத்ஸுஷிரோ என்னும் சமஸ்தானம் இருந்தது. சனதா குலத்தார் அதனை ஆண்டனர். புகழ்பெற்ற நவோதனேயின் ஆயுதங்கள் அங்கு வந்திருந்தன. அவற்றின் உறுதியில் ஐயமுற்ற அதிகாரிகள் 1853இன் வசந்தத்தில் ஒரு கடுஞ்சோதனை நடத்தினர். அதே ஆண்டின் கோடையில் அமெரிக்கத் தளபதி பெரியின் கப்பல்கள் எடோக் குடாவில் நுழைந்தன என்பதை நினைத்தால், யப்பான் எத்தகைய காலத்தின் வாயிலில் அன்று நின்றது என்பது விளங்கும். நவோதனேயின் ஆயுதங்கள் வைக்கோற் கட்டு முதலிய எளிய பொருள்களிலேயே வளைந்தும் முறிந்தும் தோற்றன. அடுத்து, அயல் நாட்டுப்புறக் கொல்லர் யமவுரா சனேயோ செய்த வாளை எடுத்தனர். வைக்கோலை வெட்டியது, மூங்கிலை வெட்டியது, மான்கொம்பையும் இரும்பையும் கவசத்தையும் தலைக்கவசத்தையும் தாக்கிற்று. வாய் பழுதுற்றதேயன்றி உடல் முறியவில்லை. அதன்மேலும் மனமாறாதவர் போல, இரும்புத் தண்டத்தால் அதன் முதுகிலும் பக்கத்திலும் அடித்துப் பார்த்தனர். தலைநகரின் பெரும்பெயர் எளிய சோதனையில் வீழ்ந்தவிடத்து நாட்டுப்புறக் கைவேலை நெடுநேரம் நின்றது. சமஸ்தானம் சனேயோவைத் தன் கொல்லராக ஏற்றது. இவருடைய தம்பியே கியொமரோ என்னும் பெருங்கொல்லர்.

இதன்பின் காலம் விரைந்து மாறிற்று. 1870இல் உடல்களைக் கொண்டு வாள் சோதிப்பது தடைசெய்யப்பட்டது. 1876இல் பொதுவிடத்தில் வாள் தரித்தலே தடையாயிற்று. கொல்லர் பலர் கத்தியும் மண்வெட்டியும் அடித்துப் பிழைத்தனர். 1880களின் பிற்பகுதியில் மெய்ஜிச் சக்கரவர்த்தியின் முன்னிலையிலே தலைக்கவசத்தை வெட்டும் போட்டியொன்று நிகழ்ந்தது. மூவர் முயன்றனர், சகக்கிபாரா கென்கிச்சி ஒருவரே கவசத்தைப் பிளந்தார். அவர் கையிலிருந்தது 'தொதனுகி' என்னும் வகை வாள். அழகுக்குப் பெயர்போகாத, கனத்த, முரட்டு வாள் அது.

இருபதாம் நூற்றாண்டிலே சேனையதிகாரிகளுக்காக வாள்கள் ஆலைகளிற் செய்யப்பட்டன. 1930களின் இறுதியில் சீனப் போர்க்களத்திற்குச் சென்று ஏராளமான வாள்களைப் பழுதுபார்த்த நருசே கன்ஜி என்பவர், அவ்வனுபவத்தை 1940இல் நூலாக எழுதினார். பழுதுகளுட் பெரும்பகுதி கைப்பிடியிலேயே நேர்ந்தன என்பது அவர் கண்டது. வாளுடலைப் பற்றியே நூற்றாண்டுகளாக வாதிட்டோர், அதனைத் தாங்கிய மரத்தையும் மூங்கிலையும் அவ்வளவாக எண்ணவில்லை! போர் முடிந்ததும் நேசநாட்டுப் படையினர் பல இலட்சம் வாள்களைப் பறிமுதல் செய்தனர். உரிமம் பெற்ற கொல்லர் மீண்டும் வாள் செய்ய 1953இல் வழி பிறந்தது. பழைய மணலுலை 1977இல் ஷிமானே மாகாணத்தில் மீண்டும் மூட்டப்பட்டது.

இன்று வெட்டுப் பயிற்சிக்கு, எமது கோரைப்பாய்க்கு நிகரான பாயைச் சுருட்டிக் கட்டி, நீரில் ஊறவைத்து நிறுத்துகின்றனர். சில வேளைகளில் நடுவே பச்சை மூங்கிலையும் செருகுவர். அதற்கு வாள் தெரிவோர் முன்னே பல வகை கிடக்கின்றன. வெள்ளீயம் போல் மின்னும் கலப்புலோக வாள்கள் உருவிப் பழகுதற்கே உரியன; வெட்டுக்கு ஆகா. துருப்பிடியா எஃகில் நீளமாகச் செய்து சுவரில் மாட்டுதற்கு விற்பவையும் அடியேற்கும்போது முறிந்து பறக்கக்கூடியவை. அவற்றைப் பயிற்சிக் களத்தில் அனுமதித்தலே தவறு. பழங்காலத்து நல்வாளோ ஒரு நாட்டின் செல்வம். பாயை வெட்டி அதனைத் தேய்ப்பது அடாது. எஞ்சியவை கரி கலந்த எஃகினாற் செய்தவை. களிமண் பூசித் தோய்த்த வாளைக் கோணலாக வீசினால் வளைந்து அப்படியே நிற்கும். வில்லெஃகினாற் செய்து உடல் முழுவதையும் ஒரே பதமாக்கிய வாள் வளைந்து மீளும். அதில் உண்மையான ஹமொன் தோன்றாது. புதிதாகப் பழகுவோன் கை கோணுவது இயல்பாதலின், பின்னதையே அவனுக்குத் தருதல் நன்றென்பது எமது கருத்து.

எவ்வகையாயினும், வாளின் அடிப்பகுதி அகன்று பிடியினுள் நெடுந்தூரம் செல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பிடியின் மரம் வெடித்திருத்தலாகாது. அசைத்தால் ஒலி எழலாகாது. பிடியையும் வாளையும் பிணைப்பது காற்சட்டைப் பொத்தானின் அகலமுமில்லாத ஒரு மூங்கில் முளை. யப்பானிய ஆசிரியர்கள் பயிற்சி தொடங்குமுன் மாணாக்கர் ஒவ்வொருவரும் அம்முளையைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கும்படி செய்கின்றனர். தளர்ந்திருந்தால் அன்று அவ்வாள் உறையை விட்டு வெளிவருவதில்லை.