ஒரு சாவியின் கதை: 1961 முதல் குபெர்னெட்டிஸ் வரை

"உன் கான்ஃபிக் ஃபைலை அப்படியே அனுப்பிடு மச்சி, அவசரம்!"

புராஜெக்டுக்காக எங்கள் குழு ஒரே குபெர்னெட்டிஸ் கிளஸ்டரைப் பகிர்ந்துகொள்கிறது. போன வாரம் நண்பன் இப்படிக் கேட்டான். நான் அனுப்பவில்லை. ஏன் என்று சொல்லப் போனால் கதை 1961-க்குப் போகிறது.

அந்த வருடம் நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே சமயத்தில், தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து பயன்படுத்தலாம். கணினி பொது, கோப்புகள் அவரவருடையவை. அதனால் ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. கூடவே திருட்டும் வந்தது! 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், துளையிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்துக் கடவுச்சொல் கோப்பையே அச்சடித்து வாங்கிவிட்டார். மாணவர்கள் அன்றைக்கும் மாணவர்கள்தான்.

பிறகு வலைப்பின்னல்கள் வந்தன. டெல்நெட் வழியாகத் தூரத்துக் கணினிக்குள் நுழையலாம். ஆனால் கடவுச்சொல் கம்பியில் அப்படியே வெளிப்படையாகப் போகும். 1983-ல் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் ஆர்.எஸ்.ஹெச். என்ற கட்டளை இருந்தது. ஒரு கணினி இன்னொன்றை நம்பினால் கடவுச்சொல்லே கேட்காது. 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு பயன்படுத்திக்கொண்ட வழிகளில் இந்த நம்பிக்கையும் ஒன்று.

1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கிருந்த டாட்டு யூலோனன் அதே வருடம் எழுதியதுதான் எஸ்.எஸ்.ஹெச். போக்குவரத்து முழுக்க மறையாக்கம். பொதுச் சாவி வழங்கியில் இருக்கும், ரகசியச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது.

சரி, குபெர்னெட்டிசுக்கு வருவோம். கூகுள் இதை 2014-ல் வெளியிட்டது. பெயருக்குக் கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். நம் மடிக்கணினியிலிருந்து அதனிடம் பேச கியூப்சிடிஎல் என்ற கட்டளை நிரலை நிறுவ வேண்டும். பிறகு ஹோம் அடைவுக்குள் 'கியூப்' என்ற மறைவான அடைவில் 'கான்ஃபிக்' கோப்பு ஒன்றை வைக்க வேண்டும். அதில் மூன்று விஷயம்: கிளஸ்டரின் முகவரி, நீங்கள் யார் என்பதற்கான அத்தாட்சி, இரண்டையும் இணைக்கும் 'கான்டெக்ஸ்ட்'. கான்டெக்ஸ்டைத் தேர்ந்தெடுத்து, பாட்களின் பட்டியலைக் கேட்டுப் பார்த்தால், இணைப்பு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

வினை அந்த அத்தாட்சியில்தான் இருக்கிறது. பல சமயம் ரகசியச் சாவியோ டோக்கனோ அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் 'நான்'! அத்தாட்சி சான்றிதழ் வகையாக இருந்தால் இன்னும் மோசம். என் பெயருக்கான உரிமைகளைப் பறிக்கலாமே தவிர, அந்த ஒரு சான்றிதழை மட்டும் ரத்து செய்ய குபெர்னெட்டிசில் வழியில்லை. காலாவதி ஆகும்வரை அது செல்லும்.

யாருக்கு எவ்வளவு உரிமை என்று பிரித்துக் கொடுக்கும் வசதி 2017-ல் வந்த 1.8 பதிப்பிலேயே நிலைபெற்றுவிட்டது. நண்பனுக்குத் தனிக் கணக்கு போட்டுத் தர ஐந்து நிமிடம் போதும்.

போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாளே யாரோ ஒரு டிப்ளாய்மென்டை அழித்திருந்தார்கள். யார் என்று பதிவேட்டில் பார்த்தால்... நான்தான்! ஒரே சாவியாக இருந்திருந்தால் பாவம், அவன்மேல் சந்தேகப்பட்டிருப்பேன்.