மரக்கரியிலிருந்து டயர்வரை: கிந்தா பள்ளத்தாக்கில் கரிமத்தின் வரலாறு

முன்னுரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றி இருக்கிறது கிந்தா பள்ளத்தாக்கு. இவ்வட்டாரத்தின் வரலாற்றை ஈயம் எனப்படும் வெள்ளீயத்தையும் ரப்பரையும் கொண்டே எழுதிவருகிறோம். இரு தொழில்களுக்கும் அடிப்படையாக இருந்த தனிமம் கரிமம். அது எவ்வெவ்வடிவில் இங்கே மக்கள் கைக்கு வந்தது, அதில் தோட்டத் தமிழரின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குன்றும் உலையும்

ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அதன் எடையில் 12 விழுக்காடு கரிமம். ஆயினும் தொழிலுக்கு முதலில் உதவியது மரக்கரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீனர்களின் உலைகளில் ஈயத்தாதுவும் மரக்கரியும் ஒன்றாக இடப்பட்டன. கரி வெப்பம் தந்ததோடு, தாதுவிலிருந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொண்டு ஈயத்தைப் பிரித்துக் கொடுத்தது. பேராக்கின் கோலா செப்பெத்தாங்கில், மாத்தாங் காட்டின் சதுப்புநில மரங்களைக் கொண்டு இன்றும் கரி சுடுகிறார்கள்.

பால்மரம்

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சில கன்றுகளைப் பேராக்கின் ஆங்கிலேய ஆலோசகர் ஹியூ லோ கோலாகங்சாரில் நட்டார். மரத்தைக் கெடுக்காமல் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் தாவரவியலாளர் ரிட்லி வகுத்தார். மோட்டார் வாகனம் பெருகப் பெருகத் தோட்டங்களும் பெருகின. அவற்றில் வேலை செய்ய, மேற்பார்வையாளரே தம் ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி முறையில் தமிழகத்து மக்கள் திரட்டப்பட்டனர். இந்திய அரசு 1938இல் அதற்குத் தடை விதித்தது.

ரப்பரின் அடிப்படைக் கூறில் கரிம அணுக்கள் ஐந்து, ஹைட்ரஜன் அணுக்கள் எட்டு என்று 1826இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். அதன்படி ரப்பரின் எடையில் 88 விழுக்காடு கரிமம். அத்தனையும் மரம் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. அதை வெளியே கொண்டுவந்தது தொழிலாளியின் உளி. வெயில் ஏறினால் பட்டைக்குள் அழுத்தம் தணிந்து பால் வரத்து குறையும். ஆகவே விடியுமுன்பே வேலை தொடங்கியது. பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உளி ஆழப் பாய்ந்தால் மரம் புண்படும். மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்த பால், ஸ்டோர் எனப்பட்ட பதனிடும் கூடத்தில் ஃபார்மிக் அமிலத்தால் உறைந்து, உருளையில் தகடாகி, பூஞ்சை பிடிக்காதிருக்க விறகுப் புகையில் உலர்ந்தது.

கருந்தூள்

வெப்பத்தில் இளகிக் குளிரில் விறைக்கும் ரப்பரை, 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தால் நிலைப்படுத்தினார். எனினும் தொடக்ககால டயர்கள் வெளிர்நிறமானவை, விரைவில் தேய்ந்தன. கருந்தூள் கலந்தால் ரப்பர் உறுதிப்படும் என 1904இல் இங்கிலாந்தின் சில்வர்டவுனில் எஸ்.சி. மோட் கண்டறிந்தார். எரிவாயுவையோ எண்ணெயையோ போதிய காற்றின்றி எரித்தால் கிடைக்கும் கரிமம் அது. இவ்வாறு, மரம் காற்றிலிருந்து சேர்த்த கரிமமும் நிலத்தடியில் புதைந்திருந்த கரிமமும் ஒரே டயரில் கூடின.

முடிவுரை

வேதியியல் வரலாறு ஃபாரடேயையும் குட்இயரையும் போற்றுகிறது. அது நியாயமே. ஆனால் நாள்தோறும் உளி பிடித்த கைகள் இல்லாமல் அவர்களின் அறிவு உலகச் சாலைகளை எட்டியிராது. அத்திறனும் அறிவே, அதைக் கூலி வேலை என்று சுருக்குவது தவறு. பேராக்கின் பல தோட்டங்களில் இன்று பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பால்மரம் சீவிய தலைமுறை நம்மோடு இருக்கும்போதே அவர்களின் தொழில்நுட்பத்தையும் சொல்வழக்கையும் கருவிகளையும் பதிவுசெய்ய, மலேசியத் தமிழ் ஆய்வாளர்களும் தமிழ்ப்பள்ளிகளும் முன்வர வேண்டும்.